நரம்பிலிருந்து மூன்று சுத்தியல் தூரம்

மேடையில் வீற்றிருக்கும் நம் கனிம ஆய்வகத்தின் இயக்குநர் அவர்களே! முன்வரிசையில், என் பக்கம் மட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவர் அவர்களே! பின்வரிசையில், என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர் தம்பியே! அம்மையாரின் அண்டை வீட்டாரே, உறவினர்களே, அவரிடம் திட்டு வாங்கிய அனைவருமே! அப்படிச் சொன்னால் ஒருவரும் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள். சாயாதீர்கள். எனக்கே இன்று நிலைகொள்ளவில்லை. ஒலிவாங்கியின் கம்பி எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் நடந்துகொண்டுதான் பேசப்போகிறேன். கம்பி தடுக்கி விழுந்தால் யாரும் தூக்க வேண்டாம், இன்றைக்கு அது எனக்குத் தகும்.

சற்று முன் இயக்குநர் அவர்கள் ஒன்றை அறிவித்தார்கள். தங்கம் எங்கே கிடைக்கும் என்று நாம் இரண்டு ஆண்டுகளாக எழுதிய அறிக்கை நாளை அச்சுக்குப் போகிறது. அட்டையில் முதல் பெயராக அம்மையாரின் பெயர். இரண்டாவதாக என் பெயர். "மறைந்த மாமேதைக்கு இதைவிடப் பெரிய அஞ்சலி உண்டா?" என்று கேட்டார்கள். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். இரண்டு தட்டு. மூன்றாவதற்குக் கை சேரவில்லை.

அந்த அட்டையில் அவர் பெயர் வரக்கூடாது!

பதறாதீர்கள். எனக்குப் பொறாமை இல்லை, புத்தியும் பிசகவில்லை. ஏன் வரக்கூடாது என்று இந்த அரங்கத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் இப்போது தண்ணீர் குடிக்கப் போகிறான். ஒரு நிமிடம்.

அம்மையார் யார்? முப்பத்து மூன்று ஆண்டுகள் பாறைகளின் வயதைக் கண்டுபிடித்தவர்! தன் வயதை ஒரு நாளும் குறைத்துச் சொல்லாதவர்! நாம் எல்லோரும் அவரைச் 'சல்லடையம்மா' என்றோம். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் ஒரு நாள் தொலைபேசி மணி அடித்தபோது அவரே எடுத்து, "ஆமாங்க, சல்லடைதான் பேசறேன், சொல்லுங்க" என்றார். அறையில் இருந்த ஆறு பேரும் திடீரென்று கோப்புகளில் ஆழ்ந்துபோனோம். அந்தப் பெயரை வைத்தது யார் என்று இந்த அலுவலகம் பதினெட்டு வருடமாகத் தேடுகிறது. நான்தான் வைத்தேன். இன்று ஒப்புக்கொள்ளும் நாள். சில்லறைக் குற்றத்திலிருந்து தொடங்குகிறேன்.

அவர் எதைச் சலிக்கவில்லை? பாறைப் பொடியைச் சலித்தார். நம் வாக்கியங்களைச் சலித்தார். என் ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, "இதுல பாதிக்கு மேல தூசிப்பா. தட்டிட்டுக் கொண்டா" என்றார். உணவகத்தில் தேநீர் கசந்தது என்று ஒரு நாள் தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாலையில் மூன்று பொட்டலமாகத் திரும்பி வந்தது. மேலே நின்றது குச்சி, கீழே விழுந்தது மண், நடுவில் இருப்பது மட்டும் தேயிலை என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தார். உணவக அண்ணன் அழாத குறை.

"அம்மா, நடுவுல இருக்கறது நாலு கரண்டிதாம்மா தேறுது!"

"அப்ப நீங்க இத்தன நாளா போட்டது நாலு கரண்டி டீதான். மீதி குச்சியும் மண்ணும்."

கல்லில் நார் உரிப்பார் என்று ஆளைப் பழிப்பதற்குச் சொல்வோம். இந்த அம்மையார் உண்மையாகவே உரித்தார்! கிரானைட்டை உடைத்து, நொறுக்கி, சலித்து, உருப்பெருக்கியின் கீழே பரப்பி, ஊசிமுனையால் கருப்பு மைக்காச் செதில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். ஒரு கல்லுக்கு நானூறு செதில். மடிந்திருந்தால் வேண்டாம். ஓரத்தில் பச்சை தட்டியிருந்தால் வேண்டவே வேண்டாம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும், விட்டால் நானூறும் பறந்துவிடும். நான் ஒருமுறை அந்த அறையில் தும்மினேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தக் கதவில், என் பெயரைக் குறிப்பிட்டு, 'அனுமதி இல்லை' என்று ஒரு தாள் தொங்கியது.

எதற்கு இந்தச் செதில்? அண்டை வீட்டார் வந்திருக்கிறீர்கள். எதிர்வீட்டு அம்மா கல்லைப் பார்த்து என்னதான் செய்கிறார் என்று வருடக்கணக்காக மண்டையைக் குடைந்திருப்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிரானைட் என்பது ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பு. அது ஆறுகிறது. ஆற ஆற, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு சூட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கடிகாரத்தை ஓடவிடுகிறது. சிர்கான் என்ற குட்டிப் படிகம், பாறை இன்னும் தகதகவென்று இருக்கும்போதே சாத்திக்கொள்ளும். கருப்பு மைக்காவுக்கு அத்தனை அவசரம் கிடையாது. சூடு ஏறக்குறைய முந்நூறு டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் சாத்தும். சாத்தும்வரை அதற்குள் ஊறும் ஆர்கான் வாயு வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். சாத்திய பிறகு உள்ளேயே தங்கும். தங்கியதை அளந்தால், பாறை முந்நூறு டிகிரிக்கு ஆறி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

தங்கம்? அது வெந்நீரில் கரைந்து வருகிறது. பாறை விரிசலில் புகுந்து, சூடு தணியும் இடத்தில் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லோடு சேர்ந்து படிகிறது. அந்த வெள்ளைக் கோட்டைத்தான் நாங்கள் நரம்பு என்கிறோம். இப்போது கேள்வி என்ன? தங்கம் வந்த காலத்தில் கிரானைட் சூடாக இருந்ததா, ஏற்கெனவே ஆறிப்போயிருந்ததா? சூடாக இருந்தால், வெந்நீரைக் காய்ச்சிய அடுப்பு கிரானைட்தான் என்று நம்ப இடம் இருக்கிறது. அதன் விளிம்பிலேயே தோண்டலாம். ஆறிப்போயிருந்தால்? அடுப்பு வேறெங்கோ! தோண்ட வேண்டிய இடமும் வேறெங்கோ!

நம் அறிக்கை என்ன சொல்கிறது? கிரானைட் உறைந்தது பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன். மைக்கா சாத்திக்கொண்டது ஒன்பது கோடி. நரம்பில் தங்கம் படிந்ததும் ஒன்பது கோடி. ஆகா! பொருத்தம் பிரமாதம்! பாறை மெல்ல மெல்ல ஆறியது, சரியாக அந்த நேரத்தில் தங்கம் வந்தது, ஆகவே விளிம்பில் ஏழு துளை போடுங்கள் என்று எழுதினோம். இயந்திரம் அடுத்த வாரம் மலையேறுகிறது.

அம்மையார் கையெழுத்துப் போடவில்லை.

உங்களில் பலருக்கு இது தெரியும். மூன்று மாதமாக நம் அலுவலகத்தில் வேறு என்ன பேசினோம்? "சல்லடையம்மா கையெழுத்தையும் சலிச்சுட்டுத்தான் போடுவாங்க போல." "ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கு, அதுக்குள்ள எல்லாரையும் ஒரு வழி பண்ணிடுவாங்க." "சின்னவன் பேர் வெளிய வரப்போகுதில்ல, பொறுக்கல." சின்னவன் என்றால் நான். ஐம்பத்தோரு வயதுச் சின்னவன். இதை எல்லாம் உணவகத்தில் பேசினார்கள். பேசியவர்களை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன், அவர்களே குனிந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மேசையில் யார் உட்கார்ந்திருந்தது? நான்! காரணம் தெரிந்தவன் யார்? நான்! வாயைத் திறந்தேனா? திறந்தேன். சிரிப்பதற்கு.

பாறை மாதிரி எடுக்கப் போன நாளுக்கு வருகிறேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மையாரின் கட்டளை மிகத் தெளிவு. "நரம்பு பக்கத்துல உடைக்காத. நூத்தம்பது அடி தள்ளிப் போ. அங்க கல்லு இரும்பு மாதிரி இருக்கும், சுத்தியல் துள்ளும். துள்ளினாத்தான் அது நல்ல கல்லு." ஓட்டுநர் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். நான் மலையேறினேன். நூற்றைம்பது அடிக்கு அப்பால் இருந்த கல்லை மூன்று முறை அடித்தேன். சுத்தியல் துள்ளியது. என் தோள்பட்டையும் துள்ளியது. திரும்பி வந்தேன். நரம்பு ஓரத்தில் ஒரு பாறை திண்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே நிழல். உட்கார்ந்தேன், மதியச் சாப்பாட்டைப் பிரித்தேன். உட்கார்ந்த வாக்கில் பக்கத்துக் கல்லைச் சும்மா ஒரு தட்டு தட்டினேன். ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது.

எந்தக் கல் ரொட்டி மாதிரி பிய்யும்? வெந்நீர் ஊறி நைந்த கல்தான் பிய்யும்! இது முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். குறிப்பேட்டில் 'நரம்பிலிருந்து தூரம்' என்ற கட்டத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? 'போதுமான அளவு.'

சிரிக்கிறீர்கள். நானும் அன்று எழுதிவிட்டு என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

முதலில் அவரை உறுத்தியது பச்சை. "ஏம்ப்பா, உன் கல்லுல மூணுல ரெண்டு பங்கு செதிலுக்கு ஓரம் பச்சை. தண்ணி பட்ட மாதிரி இருக்கே?" நான் மழை என்றேன். ஒன்பது கோடி வருடத்தில் மழை பெய்திருக்காதா? அடுத்து உறுத்தியது, பன்னிரண்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த அந்த மூன்று கோடி. "இந்தக் கிரானைட்டு சின்னது. உள்ள இருக்கற கனிம மணியெல்லாம் பொடிசா இருக்கு, அப்ப ஆழத்துல இல்லாம மேலாகவே உறைஞ்சிருக்கு. ஒரு குண்டான் வெந்நி சாயங்காலம் வரைக்கும் சூடா இருக்குமா? இது எப்படி மூணு கோடி வருஷம் ஆறாம இருந்துச்சு? எத்தனை அடி தள்ளி எடுத்த?"

"போதுமான அளவும்மா."

"போதுமானதுன்னா எத்தனை?"

"போதுற அளவுக்கு..."

அம்மையார் எழுந்து போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். மறுநாள் காலை கூப்பிட்டார். மேசையில் ஒரு புகைப்படம். மலையில், நிழலில், கன்னம் உப்ப மென்றுகொண்டு நான். எடுத்தவர் ஓட்டுநர் தம்பி. 'சாருக்கு ஞாபகமா இருக்கட்டுமே' என்று எடுத்திருக்கிறார். அதோடு விட்டாரா? அளவுக்குச் சுத்தியல் வைக்காமல் பாறையைப் படமெடுக்கக் கூடாது என்பது இந்த அலுவலகத்தில் அம்மையார் போட்ட சட்டம். நாங்கள் பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் மறப்போம். தம்பி மறக்கவில்லை! என் சுத்தியலை எடுத்து, நான் உடைத்த வடுவுக்கும் வெள்ளை நரம்புக்கும் நடுவில் நீட்டமாகப் படுக்க வைத்து எடுத்திருக்கிறார்.

அம்மையார் ஒரு காகிதத் துண்டைப் படத்தில் இருந்த சுத்தியலின் நீளத்துக்கு நறுக்கினார். வடுவின் ஓரத்தில் வைத்தார். ஒன்று. நகர்த்தினார். இரண்டு. நகர்த்தினார். மூன்று. காகிதத்தின் நுனி நரம்பைத் தொட்டது.

"உன் சுத்தியல் எத்தனை அங்குலம்?"

"பதிமூணும்மா."

"மூணே கால் அடி. நூத்தம்பது அடி தள்ளிப் போகச் சொன்னேன். நீ நரம்பு மடியிலயே உக்காந்து சாப்பிட்டிருக்க."

தங்கத்தோடு வந்த வெந்நீர், நரம்பின் பக்கத்தில் இருந்த மைக்காவின் கதவை மறுபடி திறந்துவிட்டது. பழைய கடிகாரம் அழிந்து, ஒன்பது கோடியில் புதிதாக ஓடத் தொடங்கியது. நாங்கள் அளந்தது கிரானைட் ஆறிய காலத்தை அல்ல, நரம்பு வந்த காலத்தை. நரம்பின் வயதை நரம்போடு ஒப்பிட்டுவிட்டு, ஆகா பொருத்தம் என்று துள்ளிக் குதித்திருக்கிறோம்! ஓர் ஆளைக் கண்ணாடி முன் நிறுத்தி, அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஜாடை என்று சொன்ன மாதிரி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றே இயக்குநரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "விட்டுடுங்கம்மா. எப்படியும் அங்க தங்கம் இருக்கலாம் இல்லயா?" என்றேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நமக்குத் தெரியாதுன்னுதானே அர்த்தம்? தெரியும்னு எழுதியிருக்கோமே!"

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் சொன்னா உன்ன மாட்டிவிட்ட மாதிரி ஆகும். உன் தப்பு, உன் வாயால வரட்டும். நீ சொல்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன்னு யார் கேட்டாலும் சொல்லவும் மாட்டேன்."

சொல்லவில்லை! பிடிவாதக்காரி என்றார்கள், சொல்லவில்லை. பொறாமை என்றார்கள், சொல்லவில்லை. இயக்குநர் அவர்களே, நீங்களும் மூன்று முறை அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "இன்னும் கொஞ்சம் பாக்கணும் சார்" என்பதைத் தவிர அவர் வேறு ஏதாவது சொன்னாரா? என் மானத்தை அவர் சுமந்துகொண்டு நடந்தார், நான் வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தேன். தினமும் காலையில் படிக்கட்டில் பார்ப்பார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். புருவத்தை மட்டும் தூக்குவார். நான் "நாளைக்கும்மா" என்பேன். எனக்குப் பல்வலி, எங்கள் வீட்டில் விருந்தாளி, இயக்குநருக்கு மனநிலை சரியில்லை, இன்று வெள்ளிக்கிழமை. மூன்று மாதத்துக்கு எத்தனை சாக்கு வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எனக்குப் பஞ்சமே வரவில்லை.

ஒன்பது நாளைக்கு முன், காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் செருப்பு மாட்டக் குனிந்தார். நிமிரவில்லை. செய்தி வந்தபோது எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? துக்கம் இரண்டாவதாக வந்தது ஐயா. முதலில் வந்தது, 'இனி யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள்' என்ற நிம்மதி. ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியைத் தூக்கிக்கொண்டுதான் ஒன்பது நாளாக வீட்டுக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். என் மனைவி நேற்று, "உக்காரவும் மாட்டேங்கறீங்க, சொல்லவும் மாட்டேங்கறீங்க, தரைதான் தேயுது" என்றாள்.

இப்போது நீங்கள் அந்த அட்டையில் அவர் பெயரைப் போடப் போகிறீர்கள். உயிரோடு இருந்த வரைக்கும் அவர் மறுத்த கையெழுத்தை, மறுக்க முடியாத இடத்துக்குப் போன பிறகு வாங்கிவிடுவதா? அதற்குப் பெயர் அஞ்சலியா? ஒரு கல்லின் ஓரத்தில் பச்சை இருந்தால் ஏற்காதவர்! தேயிலையில் மண் இருந்தால் ஏற்காதவர்! அவருடைய முப்பத்து மூன்று ஆண்டு உழைப்பின் மேல் என் மதியச் சாப்பாட்டை முத்திரையாகக் குத்தப் போகிறீர்களா?

எடுத்துவிடுங்கள் ஐயா. இரங்கல் கூட்டத்துக்கு வந்து இறந்தவரின் பெயரை அழிக்கச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். மைக்கா பற்றிய அந்த அத்தியாயம் தப்பு. தப்பு செய்தது நான். தப்புக்குப் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருக்கட்டும், வேண்டுமானால் இன்னும் பெரிய எழுத்தில் போடுங்கள். ஏழு துளைகளையும் நிறுத்துங்கள். அவர் பிடிவாதக்காரி அல்ல என்பதை, உணவகத்தில் சொன்ன அதே மேசைகளில் உட்கார்ந்து சொல்லுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

இயக்குநர் அவர்கள் அட்டையின் மாதிரித் தாளைக் கையில் எடுக்கிறார்கள்... மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். நன்றி ஐயா. முகத்தைப் பார்த்தால் எனக்கு நாளைக்கு ஓர் ஓலை காத்திருக்கிறது. வரட்டும்.

பணியைத் தொடர்வோம் என்று எல்லா இரங்கல் கூட்டத்திலும் சொல்வோம். எந்தப் பணி, எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லை. நான் சொல்கிறேன். நாளை காலை ஆறரை மணி. வண்டியைத் தம்பி எடுக்கிறார், நேற்றே கேட்டுவிட்டேன். நூற்றைம்பது அடி, நாடா பிடித்து அளந்து. முந்நூறு அடியில் ஒன்று. அறுநூறு அடியில் ஒன்று. சுத்தியல் துள்ளும் கல்லாக, ஒவ்வொன்றிலும் நானூறு செதில், பச்சை இல்லாமல். தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்முவேன். மூன்று மாதம் ஆகும். அதுவரை அந்த மலையில் அடுப்பு எது என்று நமக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதுவோம்.

அழைப்பிதழில் கடைசியாக 'இரண்டு நிமிட மௌனம்' என்று அச்சடித்திருக்கிறது. மன்னிக்க வேண்டும், வேண்டாம். மூன்று மாதம் நான் அனுசரித்த மௌனமே இந்த அம்மையாருக்குப் போதும். அந்த இரண்டு நிமிடமும் என்னைக் கேள்வி கேளுங்கள். எந்தக் கேள்வியும். 'போதுமான அளவு' என்று பதில் சொன்னால் செருப்பைக் கழற்றுங்கள்.

முன்வரிசையில் அம்மையாரின் கணவர் கை தூக்குகிறார். சொல்லுங்கள் ஐயா.

ஒலிவாங்கி இல்லாததால் பின்னால் கேட்டிருக்காது. ஐயா கேட்டது இது: "நீங்க போய்ப் பாத்து, அவ சொன்னது தப்புன்னு வந்தா என்ன செய்வீங்க?"

ஐயா, அந்தத் தூரத்துக் கல்லும் ஒருவேளை ஒன்பது கோடி என்றே சொல்லலாம். அப்படிச் சொன்னால் உங்கள் மனைவி பட்ட சந்தேகம் தப்பு, நான் சோம்பேறித்தனத்தால் சரி. அதையும் இதே அரங்கத்தில், இதே குரலில் சொல்வேன். சொல்வதற்கு முன் உங்கள் வீட்டுக்கு வந்து, எண்களை உங்கள் முன் வைப்பேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் இருக்கும். அவர் இருந்திருந்தால், "எத்தனை அடியில எடுத்த?" என்று மட்டும்தான் கேட்டிருப்பார்.

உட்காருங்கள் ஐயா. அடுத்த கேள்வி?